சட்டைப் பையில் ஒரு ரூபாய்

ஐம்பது சென்ட் கொடுத்து ஐம்பது சென்ட் வாங்குவதற்காக என் பேரன் பாங்க்கில் கால் மணி நேரம் க்யூவில் நின்றான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நியூஜெர்சியில் மகள் வீட்டில் நான் ஆறு மாசம் 'இருந்த' சமயம். (நம் மாதிரி ஆட்கள் அமெரிக்காவில் வாழ்வதில்லை, இருப்பார்கள்.) பையனுக்குப் பதினோரு வயது. கவுன்ட்டரில் கொடுத்தது, சாக்பீஸ் கனத்தைவிடக் கொஞ்சம் பருமனாகக் காகிதம் சுற்றிய ஒரு உருளை. உள்ளே ஐம்பது பென்னி. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் அதை உடைத்துக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வருடம் பார்க்க ஆரம்பித்தான்.

1982க்கு முந்தியது ஒரு பக்கம், பிந்தியது இன்னொரு பக்கம். முந்தியதில் நூற்றுக்கு தொண்ணூற்றைந்து பங்கு தாமிரம். பிந்தியதெல்லாம் துத்தநாகத்துக்குத் தாமிரத்தில் ஒரு முலாம், அவ்வளவுதான். கீழே போட்டால் பழையது 'ணங்' என்கும், புதியது 'டப்' என்கும். 1958 வரை அடித்தவற்றில் பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர் இருக்கும். அந்த ஐம்பதில் ஒரே ஒரு கோதுமைக் காசு கிடைத்தது. 1944. பையன் வீடு அதிரக் கத்தினான். அதற்கு முந்தின வருடம் போருக்குத் தாமிரம் வேண்டுமென்று பென்னியை எஃகில் அடித்தார்களாம். 44ல் பீரங்கிக் குண்டின் வெற்று உறைகளை உருக்கிச் சேர்த்து மறுபடி தாமிரத்துக்கு வந்தார்களாம். என் பேரன் எனக்குச் சொன்ன வரலாறு.

"என்னடா விலை போகும்?" என்றேன். தஞ்சாவூர் ஜில்லாக்காரன் வேறெதைக் கேட்பான்?

"அஞ்சு சென்ட், பத்து சென்ட் வரும் தாத்தா. ஆனா நான் விக்க மாட்டேன்."

மீதி நாற்பத்தொன்பதை அடுத்த வாரம் பாங்க்கில் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு ரோல் வாங்கி வந்தான். செலவே இல்லாத பொழுதுபோக்கு. இப்போது அந்தப் பென்னியும் நின்றுபோய்விட்டது. 1793ல் தொடங்கியதை, ஒன்றை அடிக்க மூன்று சென்ட்டுக்கு மேல் ஆகிறது என்று கணக்குப் பார்த்து 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். பேரன் ஃபோனில் சாவு வீட்டுக் குரலில் சொன்னான்.

அடையாறு திரும்பியதும் எனக்கும் அந்தப் பித்து பிடித்தது. ரிட்டையர் ஆனவனுக்கு எது வேண்டுமானாலும் பிடிக்கும்.

நம் பாங்க்கில் ரோல் கிடையாது. நூறு காசு போட்டு வாயை ஒட்டிய பாலிதீன் பாக்கெட்தான். நான் போய், "ஒரு ரூபாய் காயின் ரெண்டு பாக்கெட் வேணும்" என்றபோது கேஷியர் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கடை வச்சிருக்கீங்களா சார்?" இல்லை என்றேன். "கோயிலா?" அதுவும் இல்லை. "பத்து ரூபா காயின் எடுத்துக்கங்களேன் சார், மூட்டையா இருக்கு. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க." தமிழ்நாட்டில் பத்து ரூபாய் காசுக்கு நேர்ந்த அவமானம் உங்களுக்குத் தெரியும். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே பதினான்கு டிசைனும் செல்லும் என்று அறிக்கை விட்டது. ஆட்டோக்காரர் அறிக்கை படிப்பதில்லை. நான் கேஷியர் மேல் இரக்கப்பட்டு அதிலும் இரண்டு பாக்கெட் வாங்கினேன். இரண்டாயிரம் ரூபாயைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தோள்பட்டை வலித்தது.

பழைய பேப்பரை விரித்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். இதில் பார்க்கவேண்டியது முக்கியமாக வருடத்துக்கு அடியில் உள்ள இத்தனூண்டு புள்ளி. நம் நாட்டில் காசு அடிக்கும் சாலைகள் நாலு. வைரம் மாதிரி சாய்சதுரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. மூத்தவர், அடையாளம் தேவையில்லை என்று நினைத்துவிட்டார் போல. சென்னைக்கும் ஒன்று இருந்தது. 1869ல் மூடிவிட்டார்கள். மின்ட் ஸ்ட்ரீட், தங்கசாலைத் தெரு என்று பெயர் மட்டும் மிச்சம். அந்தத் தெருவில் இப்போது பாத்திரமும் புடவையும் வாங்கலாம்.

எனக்குச் சுவாரசியம் தட்டியது வேறு இடத்தில். நம் காசு சிலது வெளிநாட்டில் பிறந்தது. எண்பதுகளில் நாடு முழுக்கச் சில்லறைப் பஞ்சம். நம் சாலைகளால் அடித்து மாளவில்லை. 1985ல் இங்கிலாந்துக்கு ஆர்டர் போனது. பர்மிங்ஹாமில் ஹீட்டன் குடும்பம் ஆரம்பித்த சாலையில் அடித்ததில் வருடத்துக்குக் கீழே 'எச்' என்று ஓர் எழுத்து. 1988ல் கனடா, 'சி'. 1997லிருந்து சில வருடம் மெக்சிகோ, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா. கிரெம்னிட்சாவில் 1328லிருந்து காசு அடிக்கிறார்களாம். அங்கே அடித்த சிங்கத்தைக் கொடுத்து நாம் எல்.பி. ரோடில் எலுமிச்சம்பழம் வாங்கியிருப்போம், கவனித்திருக்க மாட்டோம்.

பர்மிங்ஹாமிலிருந்து நமக்குச் சில்லறை வருவது புதிதும் அல்ல. இருநூறு வருடம் முன்னாலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஆவி இயந்திரத்தில் மதராஸுக்கென்று பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயம் அடித்துக் கப்பலில் அனுப்பியது. அப்படி டன் கணக்கில் ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் மணல் திட்டில் மோதி முழுகிவிட்டது. நம் ஊர் சந்தைக்கு வரவேண்டிய காசு நூற்றெழுபது வருடத்துக்கு மேல் கடலடியில் கிடந்து, மேலே வந்து இப்போது சேகரிப்பவர்கள் வீட்டில் இருக்கிறது.

என் பாக்கெட்டுக்கு வருகிறேன். முதல் நானூறு காசில் கிடைத்தது: கட்டை விரல் காட்டும் காசு நிறைய. நாலு கோடு குறுக்கே போய் நாலு புள்ளி வைத்த 2005ஆம் வருடத்துக் காசு ஏழு. 'இது சிலுவை' என்று சண்டை வந்து, 2007ல் கைமுத்திரைக்கு மாற்றினார்களே, அது. பத்து ரூபாயில் வைஷ்ணவ தேவி மூன்று. வெளிநாடு? பூஜ்யம். 'எச்' காசு இதில் கிடைக்கவே கிடைக்காது என்பது பிறகுதான் புரிந்தது. அது பழைய பெரிய ஒரு ரூபாய், செப்பும் நிக்கலும் கலந்தது. அந்த ரகம் பாங்க்குக்குள் நுழைந்தால் திரும்பி வெளியே வராது, உருக்குவதற்குப் போய்விடும். செல்லும், ஆனால் மறுபடி விடமாட்டார்கள். ஆகவே, பாங்க்குக்குப் போகாத காசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தேடவேண்டும்.

எங்கள் தெருமுனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி. பெயர் சொன்னால் காந்தி நகரில் பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் வேண்டாம். திண்டிவனம் பக்கம். இருபத்திரண்டு வருடமாக எங்கள் துணி. கரிப்பெட்டி போய் கேஸ் பெட்டி வந்தது, வண்டியில் க்யூஆர் அட்டை வந்தது, ஆள் மாறவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சட்டைப் பையில் மறந்துபோய் வைத்த எதுவானாலும், பஸ் டிக்கெட்டோ பத்து ரூபாயோ, ஒரு துண்டுப் பேப்பரில் மடித்துத் துணி மூட்டையின் மேலே வைத்து அனுப்புவார். ஒரு தடவை வெறும் பல்குத்தும் குச்சியை மடித்து அனுப்பினார்.

அந்த வண்டியின் கீழ்த்தட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். மீதி கொடுக்கப் போட்டு வைத்த சில்லறை. ஜிபே வந்த பிறகு கேட்பாரில்லாமல் கிடந்தது.

"நூறு ரூபா நோட்டு தரேன், அதுலேர்ந்து நூறு காசு குடுப்பா."

"சில்லறை இன்னாத்துக்கு சார் உங்களுக்கு?"

சொன்னேன். சொல்லிவிட்டு அவர் வண்டி மேலேயே கொட்டிப் பார்த்தேன். மேலாக அண்ணா வந்தார். 2009ல் நூற்றாண்டுக்கு வெளியிட்ட ஐந்து ரூபாய். அதில் அவர் கையெழுத்து தமிழில் இருக்கும். லென்ஸைக் கையில் கொடுத்துக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கப்பா பார்த்திருக்கணும் சார்" என்றார். அவருடைய அப்பா 1969ல் அண்ணா இறுதி ஊர்வலத்துக்கு ஊரிலிருந்து நடந்தே வந்தவராம். காமராஜருக்கு 2003ல், திருவள்ளுவருக்கு 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டில், பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருடம் ஆனபோது 2010ல் என்று நானும் பிரசங்கம் செய்தேன். அண்ணாவைத் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு வாக்கிங் என்று சொல்லிவிட்டு இஸ்திரி வண்டியில் நிற்பது வழக்கமாயிற்று. "என்னங்க, இந்த வயசுல தெருவுல நின்னு காசு எண்றீங்கன்னு பக்கத்து வீட்டம்மா கேக்கறா" என்றாள் என் மனைவி. நியாயம்தான்.

ஒரு நாள் கிடைத்தேவிட்டது. 1997, எவர்சில்வர் ஒரு ரூபாய். வருடத்துக்குக் கீழே 'எம்', அதன் தலையில் குட்டி வட்டம். மெக்சிகோ! பேரனை மாதிரி நானும் கத்தியிருப்பேன், சுற்றிலும் ஜனம் இருந்ததால் கத்தவில்லை. சந்தோஷத்தில் பர்ஸைத் திறந்து ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினேன். "வச்சுக்கப்பா. உன் பாட்டில்ல கெடைச்சுது."

"ஒரு ரூவாவுக்கா சார்?"

"ஒரு ரூவாவுக்குத்தான்."

என் அசட்டுத்தனத்தில் இதற்குத்தான் முதலிடம். நாணயச் சந்தையில் அந்தக் காசுக்கு ஐம்பது கொடுப்பார்களா என்பதே சந்தேகம். நான் விலை கொடுக்கவில்லை, குஷியில் டிப்ஸ் கொடுத்தேன். அவர் பார்த்தது வேறு. ஒரு படித்த மனுஷர், கண்ணாடி வைத்துச் சோதித்து, ஒரு ரூபாய்க்கு ஐம்பது கொடுக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து வண்டி வரவில்லை. முதல் நாள் கல்யாணம் கார்த்தி என்று நினைத்தேன். நாலாம் நாள் அவர் மனைவி வந்து மூட்டையைக் கொடுத்தார். "ஒடம்பு சரியில்லைங்கம்மா" என்று என் மனைவியிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவரே வந்தார். வந்தவர் மூட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டு நின்றார்.

விஷயம் இதுதான். ஃபோனில் ஒரு வீடியோ. 'உங்களிடம் வைஷ்ணவ தேவி காசு இருக்கிறதா? பன்னிரண்டு லட்சம்!' இவரிடம் இருந்தது. 2012ஆம் வருடத்துக் காசு. பொதுப் புழக்கத்துக்கு விட்டது. என் பாலிதீன் பாக்கெட்டிலேயே மூன்று இருந்தது என்று சொன்னேனே. இவர் அந்த நம்பருக்குக் காசைப் படம் பிடித்து அனுப்பினார். உடனே தமிழில் பேசினார்களாம், மரியாதையாக. ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு அடையாள அட்டையும், இவர் பெயர் டைப் அடித்த ஒரு கடிதமும் வந்தன. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 1,050. பிறகு ஜிஎஸ்டி 4,950. பிறகு, பணத்தை வண்டியில் கொண்டுவருகிறோம், இன்ஷூரன்ஸ் 12,500, இது திரும்பி வந்துவிடும். நோட்டுக் கட்டுகளை மேஜையில் அடுக்கி வீடியோகூட அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் அந்த நம்பர் அணைந்துவிட்டது.

18,500. மகள் பி.காம். இரண்டாம் வருடம், அவளுடைய ஃபீஸ்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் எப்போதும் தப்பான ஆள் மேல்தான் வரும். "ஏம்ப்பா, பத்து ரூபா காசுக்கு எவனாவது பன்னெண்டு லட்சம் குடுப்பானா? ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்கறதே இல்ல, எவனும் எங்க பேரைச் சொல்லிக் கமிஷன் கேட்டா ஏமாறாதீங்கன்னு 2021லயே பேப்பர்ல போட்டாங்களே! ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கக் கூடாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கேக்கலாம்னுதான் சார் நெனச்சேன். ஆனா நீங்களே ஒரு ரூவாவுக்கு அம்பது குடுத்தீங்களே."

எனக்கு அப்புறம் பேச்சு வரவில்லை.

ஒரு ரூபாய் ஐம்பதாகும் என்று கண்ணால் பார்த்தவருக்குப் பத்து ரூபாய் லட்சமாவது நம்ப முடியாத விஷயமா? லாட்டரிச் சீட்டு இருந்த காலத்தில் நம்மில் எத்தனை பேர் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் பணம் கட்டினோம்! அவருக்காவது நேரில் பார்த்த சாட்சி இருந்தது. நான்.

1930க்கு ஃபோன் செய்தோம். சைபர் மோசடிக்கான நம்பர். பணம் போன உடனேயே கூப்பிட்டால் சில சமயம் வழியில் மறித்துவிடலாம். இவர் வெட்கத்தில் ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. புகாரைப் பதிவு செய்துகொண்டு எண் கொடுத்தார்கள். அந்த எண் இன்னும் என் டைரியில் இருக்கிறது.

பதினெட்டாயிரத்து ஐந்நூறை நான் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். இது தர்மம் இல்லை, அபராதம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "ஐம்பது ரூபாயோட நிறுத்தியிருக்கலாம்" என்றாள். கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கவில்லை. வண்டியை விட்டு ஒதுங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் பண்ண தப்பு சார். நீங்க ஏன்?"

பேசிப் பார்த்தேன். மகளின் ஃபீஸுக்குக் கடைசித் தேதியைச் சொல்லிப் பயமுறுத்தினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு வாங்கினார். துணியில் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு உருப்படிக்குப் பத்து ரூபாய். அப்படியென்றால் 1,850 உருப்படி. எங்கள் வீட்டில் இரண்டு பேர். வாரத்துக்கு இருபத்தைந்து தேறினால் அதிகம். எழுபத்து நாலு வாரம். ஒரு ரூல்டு நோட்டு வாங்கி வந்து, அவரே முதல் பக்கத்தில் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நோட்டு என்னிடம்தான் இருக்கவேண்டுமாம்.

கணக்கை முடிக்க நான் ஒரு தந்திரம் செய்தேன். தலையணை உறை, துண்டு, கர்ச்சீஃப் எல்லாவற்றையும் இஸ்திரிக்கு அனுப்பினேன். நாலு வாரம் பார்த்தார். ஐந்தாம் வாரம் கர்ச்சீஃப்களை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். "இதெல்லாம் உருப்படி இல்ல சார்."

காசு தேடுவதை விட்டுவிட்டேன். லென்ஸ் மேஜை டிராயரில் போயிற்று. பத்து ரூபாய்க் காசுகள் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அடையாறு டெப்போ பஸ்களில் செலவழித்தேன். கண்டக்டர்கள் இப்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டாவது வாங்கிக்கொள்கிறார்கள். பேரன் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், "எச் கிடைச்சுதா தாத்தா?" என்று கேட்பான். தேடுகிறேன் என்று பொய் சொல்வேன். ஹார்லிக்ஸ் பாட்டில் வண்டியிலிருந்து காணாமல் போயிருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறு மணி வாக்கிங்கை இந்திரா நகர் பக்கம் மாற்றிக்கொண்டேன். எதிரில் பட்டால் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசுவோம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. முப்பத்தெட்டாவது வாரம். மூட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் போய்விட்டார். மேலே வழக்கம்போல் மடித்த துண்டுப் பேப்பர். மருந்துக்கடைப் பில்லாக இருக்கும் என்று பிரித்தேன். உள்ளே ஒரு பெரிய, பழைய ஒரு ரூபாய். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்திருந்தது. நான் அந்த மாதிரிக் காசைக் கையில் தொட்டே வருடக்கணக்காகிறது. என் சட்டைப் பையில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

டிராயரைத் திறந்து லென்ஸை எடுத்தேன். 1985. கீழே 'எச்'.

வாசலுக்கு ஓடினேன். அவர் சைக்கிளில் தெருக்கோடிக்குப் போய்விட்டிருந்தார். "என்னப்பா இது?" என்று கத்தினேன்.

"உங்க பாக்கெட்ல இருந்துது சார்!" என்று திரும்பாமலே கையை ஆட்டினார்.

உள்ளே வந்து நோட்டை எடுத்து அந்த வாரத்துக் கணக்கை எழுதினேன். சட்டை ஒன்பது, பேன்ட் நாலு, புடவை ஆறு, வேட்டி மூன்று. இருபத்திரண்டு உருப்படி.